சம்பாதிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

வணக்கம். உங்களைப் போன்ற ஒரு தம்பதியின் மகள் எழுதுகிறேன். வயது 35. பதின்மூன்று ஆண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறேன். அலுவலகத்தில் எனக்குக் கீழே பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பயணச் செலவுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடுகிறவள் நான்தான். ஆனாலும் திருச்சியில் அப்பா வீட்டுக்குப் போய் ஒரு புதுக் கைப்பையை நாற்காலியில் வைத்தால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு?" நான் பாதி விலை சொல்வேன். உங்கள் பிள்ளைகளும் உங்களிடம் பாதி விலைதான் சொல்கிறார்கள். தெரியாதென்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

2012-ல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது என் முதல் மாதச் சம்பளம் 22,000 ரூபாய். நான் பள்ளியில் படித்த காலத்தில் கல்வி உதவித்தொகைக்காக அப்பா தொடங்கிய வங்கிக் கணக்கில்தான் அது போய் விழுந்தது. என் பெயர் முதலில், அவர் பெயர் இரண்டாவதாக. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் 36 ஆண்டு வேலை பார்த்தவர். ஒரு திருகாணி குறைந்தாலும் கணக்கு எழுதிப் பழகியவர். அந்தச் சம்பளம் வந்த அன்று மாலையே ஒரு நீள நோட்டு வாங்கி, பழுப்பு அட்டை போட்டு, பள்ளிக்கூட லேபிள் ஒட்டினார். பெயர் என்ற இடத்தில் என் பெயர். வகுப்பு என்ற இடத்தில் ஒரு கோடு. பாடம் என்ற இடத்தில் 'சம்பளம்'. ஊருக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விடுதிக்கு 5,500, கைச்செலவுக்கு 3,000, ஊருக்கு வந்துபோக 600. மீதியெல்லாம் நோட்டின் இடப்பக்கத்தில் வரவாக ஏறி, வலப்பக்கத்தில் எண்டோமென்ட் பாலிசியாகவும் நகைச்சீட்டாகவும் தபால் நிலைய ஆர்.டி.யாகவும் பிரிந்து போனது. மூன்றாம் ஆண்டில் புதுக்கோட்டை சாலையில் அரை கிரவுண்டு மனை. பத்திரம் அப்பா பெயரில். ஏன் என்று கேட்டேன். "உன் பெயரில் இருந்தால் நாளைக்கு நீ போகிற இடத்தில் எழுதிக் கேட்பார்கள் அம்மா" என்றார்.

ஒரு ரூபாயைக்கூட அவர் தன் தேவைக்குத் தொட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே "உன் காசை நாங்கள் தின்றுவிட்டோமா?" என்று கண் கலங்கிவிடுகிறீர்கள், அதோடு பேச்சு முடிந்துபோகிறது. நீங்கள் தின்னவில்லை. தின்றிருந்தால் சண்டை போட்டாவது கேட்டிருக்கலாம். நமக்காகவே பட்டினி கிடந்து சேர்த்தவரிடம் போய், அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

வங்கியில் பதிந்திருந்த கைபேசி எண்ணும் அப்பாவுடையதுதான். நான் சென்னையில் அட்டையைத் தேய்த்தால் திருச்சியில் அவர் சட்டைப் பையில் மணி அடிக்கும். "ஹோட்டலில் 410 ரூபாய் போயிருக்கிறதே, யாருடன் போனாய்?" இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் இப்படிக் கேட்டால் அது பணத்தைப் பற்றிய கேள்வி இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஏ.டி.எம்.மில் மொத்தமாக எடுத்து ரொக்கமாகச் செலவு செய்யக் கற்றுக்கொண்டேன். கணக்கு எழுத வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடு, கணக்கில்லாமல் செலவழிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

2016 தீபாவளிக்கு முன்பு ஒரு நாள். குளிர்சாதனப் பெட்டிகளுக்கான தட்கல் முன்பதிவு காலை பத்து மணிக்குத் திறக்கும். 9.58-க்கே கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பெயர், வயது, ரயில் எண் எல்லாம் சரி. பணம் கட்டும் கட்டம் வந்தது. ஓடிபி வேண்டும். ஓடிபி திருச்சிக்குப் போனது. அப்பா குளியலறையில் இருந்தார். அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, போனை வெளிச்சத்தில் பிடித்து, "ஏழு... நாலு... இது ஒன்றா ஏழா தெரியவில்லையே" என்று படித்து முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியல் எண்பதைத் தாண்டிவிட்டது. அன்று முன்பதிவில்லாத பெட்டியில் விழுப்புரம் வரை நின்றுகொண்டே போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்: "முன்னாடியே திட்டமிட்டிருக்கக் கூடாதா?"

அடுத்த மாதம் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அதற்குப் பிறகு என்னோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கைபேசியில் பணம் அனுப்பப் பழகினார்கள். வங்கியில் பதிந்த எண் எந்தக் கைபேசியில் இருக்கிறதோ அதில்தான் யுபிஐ வேலை செய்யும். என் சம்பளக் கணக்குக்கு யுபிஐ வைத்துக்கொள்ளும் தகுதி அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பட்டன் போனிடம் இருந்தது. அந்தப் போனுக்கோ யுபிஐ என்றால் என்னவென்று தெரியாது. டீக்கடையில் பத்து ரூபாய்க்குத் தோழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணை மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். திருச்சிக் கிளைக்குப் போக வேண்டும், அப்பாவும் கூட வருவார், "எதற்கு இப்போது?" என்பார். அந்த "எதற்கு"க்கு என்னிடம் பதில் இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில் ஒரு சுகம் இருந்தது. யாராவது கடன் கேட்டால் "எல்லாம் அப்பாவிடம் இருக்கிறது" என்று தப்பித்துக்கொள்வேன். வருமான வரிக் கணக்கை அவரே தெரிந்த ஆடிட்டரிடம் கொடுத்து முடித்துவிடுவார். 27 வயதில் எனக்கு, அலுவலகம் தரும் வரிச் சான்றான ஃபார்ம் 16 எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறது என்று தெரியாது. குழந்தையாக நடத்தப்படுவதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே குழந்தையாக இருப்பதன் சலுகைகளையும் அனுபவித்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

2018-ல் திருமணம். மறுவீடு முடிந்து தஞ்சாவூருக்குக் கிளம்பும்போது அப்பா ஒரு தட்டைக் கொண்டுவந்தார். வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், மேலே பழுப்பு அட்டை நோட்டு. தட்டை என் கணவரிடம் நீட்டினார். "மாப்பிள்ளை, எல்லாம் இதில் இருக்கிறது. மூன்றாவது பாலிசிக்கு மார்ச்சில் பிரீமியம் கட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது."

நான் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன்.

அவர் சங்கடத்தோடு வாங்கிக்கொண்டார். கார் கிளம்பியதும் ஒன்றும் சொல்லாமல் என் மடியில் வைத்துவிட்டார். ஆறு ஆண்டுகள் நான் உழைத்துச் சம்பாதித்த பணம் எங்கெங்கே போனது என்பதை முதன்முதலாக அன்று, துவாக்குடி தாண்டும்வரை, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படித்தேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. சிவப்பு மையில் மாதாந்திரக் கூட்டல். அவ்வளவு அழகான கையெழுத்து. அப்பா என்னை நேசித்ததற்கு அதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. அவமானமும் அதே நோட்டில்தான் இருந்தது. அவளுக்குத் தெரியாது என்றாரே, அது உண்மை. யாரால் தெரியாமல் போனது? மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சம பங்கு உண்டு என்று 1989-லேயே சட்டம் செய்த மாநிலம் இது. மத்திய அரசு அந்த இடத்துக்கு வந்து சேர 2005 ஆயிற்று. அப்படிப்பட்ட ஊரில் மகளின் சொந்தச் சம்பளக் கணக்கு தகப்பன் கையிலிருந்து மாப்பிள்ளை கைக்குப் போகிறது. வழியில் அவள் கையில் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.

மகன்களைப் பெற்றவர்கள் இதோடு தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் 38 வயதில் சென்னைப் புறநகரில் ஒரு ஃபிளாட் வாங்கினார். முன்பணத்தில் எட்டு லட்சம் அவர் அப்பா கொடுத்தது. பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் அந்த எட்டு லட்சம் சமையலறை டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது, பூஜை அறையின் திசையை மாற்றியது, பால்கனிக்குக் கம்பிக் கதவு போட்டது. இருபது ஆண்டு கடன் தவணை கட்டப்போகிற மருமகள் தன் சமையலறையில் தான் கேட்காத பச்சை நிறத்துக்கு முன்னால் நின்று தோசை சுடுகிறாள்.

என் தம்பிக்கு நோட்டுப் போடவில்லை. ஆண்பிள்ளை அல்லவா. சம்பளத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பெட்ரோலுக்கும் செல்போனுக்கும் அவ்வப்போது வாங்கிக்கொள்வான். "கல்யாண வயதிலும் கவரைப் பிரிக்காமல் கொடுக்கிற பிள்ளை" என்று தெருவே மெச்சியது. 2021 ஊரடங்கில் அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இணையத்தில் ரம்மி ஆடினான். ஐம்பது ரூபாயில் தொடங்கியது. அம்மாவிடம் கேட்க முடியாத பணத்துக்குக் கடன் செயலிகள் இருந்தன. ஐந்து நிமிடத்தில் தருகிறார்கள், ஆதார் போதும். ஒன்றை அடைக்க இன்னொன்று. கடைசியில் 4,30,000 ரூபாய். செயலிக்காரர்கள் அவன் புகைப்படத்தோடு எங்கள் உறவினர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பத் தொடங்கிய இரவில் எனக்கு போன் செய்தான். கடனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அவன் சொன்னது, "அக்கா, அப்பாவிடம் சொல்லிவிடாதே."

எட்டு வயதில் இருபது ரூபாயைத் தொலைத்துவிட்டு அழுதிருக்க வேண்டும். முதல் சம்பளத்தில் இரண்டு வாரத்தில் பிய்ந்துபோகிற செருப்பை 2,000 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்திருக்க வேண்டும். நண்பனுக்குக் கைமாற்று கொடுத்துத் திரும்பி வராமல் மனம் கசந்திருக்க வேண்டும். இந்தச் சில்லறை நட்டங்களில் ஒன்றைக்கூட நீங்கள் அவனைப் பட விடவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே நட்டமாக 29 வயதில் பட்டான். 2022-ல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்த செய்தியை அப்பா செய்தித்தாளில் படித்தார். மடித்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பங்குச் சந்தையில் எஃப் அண்டு ஓ, அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற வணிகம், ஆடிய தனிநபர்களில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் 100-க்கு 93 பேர் நட்டப்பட்டதாகச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்கிறது. ஆடியவர்களில் பலர் எங்கள் வயதுக்காரர்கள். ஆனால் தொண்ணூறுகளில் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு ஃபைனான்ஸ் கம்பெனிகளில் போட்டுவிட்டுப் பூட்டிய ஷட்டருக்கு வெளியே நின்றது யார்? அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தானே 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2012-ல் ஈமு கோழி வளர்க்கிறேன் என்று ஒன்றரை லட்சம் கட்டியது என் சித்தப்பா. நான் அப்போது முதல் சம்பளத்தை உங்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏமாறுவதற்கு வயது வரம்பு கிடையாது. உங்கள் ஏமாற்றத்துக்கு "காலம் கெட்டுப்போச்சு" என்று பெயர். எங்களுடையதற்கு மட்டும் "பொறுப்பில்லை".

இன்னொன்று. நீங்கள் அறிந்த விதிகளில் பல மாறிவிட்டன. மார்ச் மாதம் வந்தால் அப்பா இன்றைக்கும் "வரிக்கு ஒரு பாலிசி போட்டுவிடு" என்கிறார். நான் இருப்பது புதிய வரி முறையில். அதில் பாலிசிக்குக் கிடைத்துவந்த 80சி என்ற வரிக் கழிவே கிடையாது. எத்தனை பாலிசி போட்டாலும் வரியில் ஒரு ரூபாய் குறையாது. ஐந்து முறை சொன்னேன். ஆடிட்டர் ஒரு முறை சொன்னார், ஏற்றுக்கொண்டார்.

எங்கள் கணக்கை நீங்கள் வைத்திருப்பதுகூட எனக்குப் பெரிய குறையில்லை. உங்கள் கணக்கு எங்களுக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. இதைப் பெரியப்பா வீட்டில் பார்த்தேன்.

பெரியப்பா துறையூர் பக்கம் உரக்கடை வைத்திருந்தார். அண்ணனுக்கு வயது 44. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து அதே கடையில் நிற்கிறவன். மூட்டை இறக்குவான், விலை பேசுவான், வசூலுக்குப் போவான். கல்லாவில் பெரியப்பா உட்காருவார். 2023-ல் ஒரு விடியற்காலையில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பீரோவைத் திறந்தார்கள். ஒரு பட்டுப்புடவை மடிப்பில் மூன்று வைப்புத்தொகை ரசீதுகள். அவற்றில் இரண்டு முதிர்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. காலண்டர் அட்டைக்குப் பின்னால் ஒரு பாஸ்புக். இன்னொரு கணக்கில் நாமினி, 1998-ல் இறந்துபோன தாத்தா. யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார், யாருக்குத் தர வேண்டும் என்பது பெரியப்பாவின் தலைக்குள் இருந்தது, அது எரிந்துபோயிற்று. தர வேண்டியவர்கள் மட்டும் ஒருவர் விடாமல் வந்தார்கள்.

அண்ணன் வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தான். அங்கே வாங்கி வந்தால், நாமினி இல்லாத கணக்குக்கு வங்கியில் வேறு காகிதம் கேட்டார்கள். கிளையில் கொடுத்த படிவத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பி, "இதில் உரிமை கோருபவர் என்று போட்டிருக்கிறதே, அது நானா அம்மாவா?" என்று கேட்டான். ஊரில் பாதிப் பேருக்கு உரம் கடன் கொடுத்து வசூலித்த மனிதன். பத்து ஆண்டு யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், போனாலும் திரும்பக் கேட்கலாம், தேடுவதற்கு 'உத்கம்' என்று ஒரு இணையதளம் அந்த ஆண்டுதான் வந்திருக்கிறது என்று நான் சொன்னேன். இருவருமாக உட்கார்ந்து பெரியப்பாவின் பெயரை விதவிதமான எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடினோம். பெரியம்மா சுவரோரம் உட்கார்ந்து, "அவர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்களிடம் சொத்தை எழுதித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. தராதீர்கள். எழுதி வாங்கிக்கொண்டு பெற்றவர்களைத் திண்ணைக்கு அனுப்பிய பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை கைவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டிருக்கிறது என்பதே எங்கள் தலைமுறைக்குப் பெருமையில்லை. உங்கள் பணம் கடைசிவரை உங்கள் கையில், உங்கள் பெயரில் இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். இறந்துபோனவர் நாமினியாக இருந்தால் மாற்றுங்கள். 2025 நவம்பரிலிருந்து ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். மகனா மகளா என்ற சங்கடம்கூட உங்களுக்கு வேண்டாம்.

உட்கார்ந்து பேசக் கூச்சமாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு கணக்கு நோட்டையும் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வீடுகளில் உண்டு. இந்த ஆண்டு அந்த அடுக்கில் பாஸ்புக், ரசீது, பாலிசி, மனைப் பத்திரம், அடகுச் சீட்டு, கைமாற்று எழுதிய துண்டுக் காகிதம் எல்லாவற்றையும் வையுங்கள். அன்றைக்கு யாரும் தொடக் கூடாது, சரி. மறுநாள் விஜயதசமி, எடுத்துப் படிக்க வேண்டிய நாள். உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். அவன் தன்னுடையதையும் கொண்டுவரட்டும், கிரெடிட் கார்டு பாக்கி உட்பட. "இவ்வளவு சம்பளமா, பணமெல்லாம் எங்கே போகிறது?" என்று மட்டும் அன்றைக்கு ஒரு நாள் கேட்காமல் இருங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன். பழைய கணக்கில் பதிந்திருந்த அப்பாவின் எண்ணைச் சென்ற ஆண்டு மாற்றிவிட்டேன். அவரிடம் சொல்லாமல் திருச்சிக்குப் போய், கிளையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது. எண் மாற்றப்பட்டது என்ற குறுஞ்செய்தியைப் பழைய எண்ணுக்கும் அனுப்புவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பேருந்து நிலையத்தில் நிற்கும்போது அப்பா அழைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "கிளையில் கூட்டமா அம்மா? சாப்பிட்டாயா?"

இப்படிக்கு,
பொன்மலை ரயில்வே ஊழியர் ஒருவரின் மகள்